ஏழும் ஏழும் பதினான்கு

நாம் இழுக்கும் மூச்சில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். நுரையீரலுக்குள் போகிறது, எதனோடும் ஒட்டாமல் அப்படியே வெளியே வந்துவிடுகிறது. ஆக்சிஜனுக்குக் கிடைக்கும் மரியாதை அதற்குக் கிடைப்பதில்லை. பாடப்புத்தகமும் ‘தானும் எரியாது, எரிவதற்கும் துணைபுரியாது’ என்று சொல்லிக் கடந்துவிடும். ஆனால் அணுவுக்குள் என்ன இருக்கிறது என்று விஞ்ஞானிகள் தேடித் தவித்த ஆண்டுகளில், வழி அடைபட்ட இடங்களிலெல்லாம் வந்து உதவியது இந்த வாயுதான். புரோட்டான் முதலில் வெளிப்பட்டது நைட்ரஜனிலிருந்து. அணுக்கருவைப் பற்றிய ஒரு தவறான கொள்கை உடைந்ததும் நைட்ரஜனால். நியூட்ரான் கண்டுபிடிக்கப்பட்டபோதும் நைட்ரஜன் பக்கத்தில் இருந்தது. அணுவின் அமைப்பைத் தங்கத் தகட்டை வைத்தே சொல்வது வழக்கம். நைட்ரஜனை வைத்துச் சொன்னால் கதை இன்னும் ஆழமாகப் போகிறது.

முதலில் இன்றைய கணக்கு. காற்றிலுள்ள நைட்ரஜன் அணுக்களில் ஏறத்தாழ எல்லாமே ஒரே வகை. நடுவில் அணுக்கரு, அதில் ஏழு புரோட்டான், ஏழு நியூட்ரான். வெளியே ஏழு எலக்ட்ரான். புரோட்டானுக்கு நேர்மின்னூட்டம், எலக்ட்ரானுக்கு அதே அளவு எதிர்மின்னூட்டம், நியூட்ரானுக்கு மின்னூட்டமே இல்லை. புரோட்டானும் நியூட்ரானும் நிறையில் கிட்டத்தட்ட சமம். எலக்ட்ரானின் நிறை புரோட்டானில் 1,836-இல் ஒரு பங்கு. அணுக்கருவின் குறுக்களவு அணுவின் குறுக்களவில் இருபதாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனாலும் அணுவின் நிறையில் 99.97 சதவீதம் அங்கேதான் குவிந்திருக்கிறது.

இதையெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். இந்த எண்களில் ஒன்றைக்கூட யாரும் கண்ணால் பார்த்து எழுதவில்லை என்பதை நினைக்கும்போதுதான் எனக்கு வியப்பு வருகிறது. ‘ஏழு நியூட்ரான்’ என்று இன்று நாம் ஒரு மூச்சில் சொல்கிறோம். எலக்ட்ரான் தெரிந்தபின் அந்தச் சொல்லுக்கு வந்து சேர 35 ஆண்டுகள் பிடித்தன.

எலக்ட்ரானை 1897-இல் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன் இனங்கண்டார். 1909-இல் மான்செஸ்டரில் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் ஹான்ஸ் கைகரும், இன்னும் பட்டம்கூடப் பெறாத எர்னஸ்ட் மார்ஸ்டனும் மெல்லிய தங்கத் தகட்டின் மீது ஆல்ஃபா துகள்களைச் செலுத்தினார்கள். பெரும்பாலானவை நேராக ஊடுருவிச் சென்றன. மிகச் சில மட்டும் வந்த வழியே திரும்பின. அணுவின் நேர்மின்னூட்டமும் ஏறக்குறைய முழு நிறையும் நடுவில் ஒரு சின்னஞ்சிறு கருவில் அடங்கியிருக்கின்றன என்று 1911-இல் ரூதர்ஃபோர்ட் அறிவித்தார். இது பலரும் அறிந்த கதை. அந்தக் கருவுக்குள் என்ன இருக்கிறது என்பது அப்போது அவருக்கும் தெரியாது. அந்தக் கேள்வியோடுதான் நைட்ரஜன் கதைக்குள் வருகிறது.

முதல் உலகப் போரில் ரூதர்ஃபோர்ட் பிரிட்டிஷ் கடற்படைக்காக நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் பணியில் இருந்தார். கிடைத்த நேரத்தில் ஆய்வகத்துக்கு வந்து ஒரு சிறிய பித்தளைப் பெட்டியோடு உட்காருவார். பெட்டிக்குள் கதிரியக்கப் பொருள். அதிலிருந்து ஆல்ஃபா துகள்கள் பாயும். ஒரு முனையில் துத்தநாக சல்ஃபைடு பூசிய திரை. துகள் வந்து மோதினால் திரையில் ஒரு புள்ளி ஒளிர்ந்து மறையும். இருட்டில் உட்கார்ந்து கண்ணைப் பழக்கிக்கொண்டு, நுண்ணோக்கி வழியாக அந்த ஒளிப்புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். ஆல்ஃபா துகள் காற்றில் ஏழு சென்டிமீட்டர்தான் போகும். திரையை அதற்கும் அப்பால் நகர்த்தி வைத்தால் ஒளிப்புள்ளியே தெரியக் கூடாது. ஆனால் தெரிந்தது. பெட்டியில் ஆக்சிஜனை நிரப்பினால் எண்ணிக்கை குறைந்தது. காற்றை நிரப்பினால் கூடியது. தூய நைட்ரஜனை நிரப்பினால் இன்னும் கூடியது. அந்த நெடுந்தூரப் பயணிகள் ஹைட்ரஜனின் அணுக்கருக்கள். பெட்டியிலோ ஹைட்ரஜன் இல்லை. அப்படியென்றால் அவை நைட்ரஜனின் கருவுக்குள்ளிருந்தே பெயர்ந்து வந்திருக்க வேண்டும். 1919-இல் இந்த முடிவு வெளியானது. அடுத்த ஆண்டே அந்தத் துகளுக்குப் புரோட்டான் என்று பெயர் வைத்தார்.

மோதிய ஆல்ஃபா துகள் என்ன ஆயிற்று? நைட்ரஜனை இடித்துவிட்டு விலகிப் போனதா, உள்ளேயே தங்கிவிட்டதா? இதைக் கண்டுபிடிக்கும் வேலை பேட்ரிக் பிளாக்கெட்டிடம் வந்தது. முகில் அறை என்ற கருவியில் துகள் போன பாதை நெடுகிலும் நீர்த்திவலைகள் படிந்து வெண்கோடாகத் தெரியும். பிளாக்கெட் எடுத்த படங்கள் சுமார் 23,000. அவற்றில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆல்ஃபா தடங்கள். அவர் தேடியது கிடைத்தது எட்டே எட்டுத் தடங்களில்! ஒவ்வொன்றிலும் மோதிய இடத்திலிருந்து இரண்டு கிளைகள்தான் பிரிந்தன. ஆல்ஃபா விலகிப் போயிருந்தால் மூன்றாவது கிளை இருந்திருக்கும். ஆல்ஃபா உள்ளேயே தங்கிவிட்டது, புரோட்டான் வெளியேறியது, மிஞ்சியது ஆக்சிஜனின் ஒரு வகை. நைட்ரஜனின் ஏழு புரோட்டானும் ஆல்ஃபாவின் இரண்டும் ஒன்பது. ஒன்று போக எட்டு, அதுதான் ஆக்சிஜன். ஒரு தனிமம் இன்னொன்றாக மாறிய கணத்தை 1925-இல் படமாகவே காட்டினார் பிளாக்கெட்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கணக்கு இடித்துக்கொண்டே இருந்தது. நைட்ரஜனின் கருவில் மின்னூட்டம் ஏழு. நிறையோ பதினான்கு புரோட்டான்களுக்கு உரியது. மிச்சமிருக்கும் ஏழு பங்கு நிறை எங்கிருந்து வருகிறது? அன்றைய இயற்பியலாளர்களுக்குத் தெரிந்த துகள்கள் இரண்டுதான். ஆகவே கருவில் பதினான்கு புரோட்டான்களும் ஏழு எலக்ட்ரான்களும் இருக்கின்றன, ஏழு எலக்ட்ரான்கள் ஏழு புரோட்டான்களின் மின்னூட்டத்தை ஈடுகட்டிவிடுகின்றன என்றார்கள். இது முட்டாள்தனமான யோசனை இல்லை. பீட்டா கதிரியக்கத்தில் அணுக்கருவிலிருந்து எலக்ட்ரான் வெளியே பாய்வதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். உள்ளே இல்லாதது எப்படி வெளியே வரும் என்ற கேள்வியில் நியாயம் இருந்தது. பத்து ஆண்டுகளுக்கு இந்தக் கொள்கை அசையாமல் நின்றது.

அதை உடைத்த கருவி கல்கத்தாவிலிருந்து போனது.

1928 பிப்ரவரி 28 அன்று, இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்தில், திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமனும் அவருடைய மாணவர் கே. எஸ். கிருஷ்ணனும் புதுவகை ஒளிச்சிதறலை உறுதிசெய்தார்கள். ஒரு மூலக்கூறின் மீது ஒரே நிற ஒளியைப் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வரும். மூலக்கூறு அதிர்வதற்கும் சுழல்வதற்கும் எடுத்துக்கொண்ட ஆற்றல் அந்த மாற்றத்தில் பதிவாகியிருக்கும். ராமன் விளைவு என்று உலகம் அழைக்கும் இதற்கு 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது. நமக்கு அது பெருமைக்குரிய செய்தி. அந்தப் பெருமைக்கு அப்பால், கண்டுபிடிப்பு வெளியான அடுத்த ஆண்டே அது அணுக்கருக் கொள்கையைப் புரட்டிப்போட்டதை நம்மில் அதிகம் பேர் பேசுவதில்லை.

காற்றில் நைட்ரஜன் இரண்டிரண்டு அணுக்களாகச் சேர்ந்துதான் திரிகிறது. இரண்டும் ஒரே மாதிரி என்பதால் மூலக்கூறின் எந்தப் பக்கத்திலும் மின்னூட்டம் கூடுதல் குறைவு இல்லை. அதனால் அது சுழன்றாலும் அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சுவதில்லை. வழக்கமான நிறமாலை முறையில் அதன் சுழற்சி கண்ணில் படாது. ராமன் விளைவுக்கு அந்தத் தடை கிடையாது. 1929-இல் இத்தாலியரான ஃபிராங்கோ ராசெட்டி, அமெரிக்காவில் கால்டெக் நிறுவனத்தில் இருந்தபோது, நைட்ரஜன் வாயுவின் ராமன் நிறமாலையைத் துல்லியமாகப் படமெடுத்தார். சுழற்சிக் கோடுகள் வரிசையாக விழுந்திருந்தன. ஒன்று பளிச்சென்று, அடுத்தது மங்கலாக, மறுபடி பளிச்சென்று.

அந்த மாறி மாறி வரும் பிரகாசம்தான் விஷயம். புரோட்டானுக்கும் எலக்ட்ரானுக்கும் தற்சுழற்சி என்று ஒரு பண்பு உண்டு. இரண்டுக்கும் அதன் அளவு அரை. இப்படிப்பட்ட துகள்கள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் சேர்ந்தால் மொத்தத் தற்சுழற்சியில் ஓர் அரை மிச்சமிருக்கும். இரட்டைப்படையில் சேர்ந்தால் முழு எண் வரும். கருவின் தற்சுழற்சி அரை வகையா முழு வகையா என்பதைப் பொறுத்து, இரட்டை அணு மூலக்கூறின் நிறமாலையில் எந்தக் கோடுகள் பளிச்சிடும் என்பது மாறும். ஹைட்ரஜனின் கருவில் ஒரே ஒரு புரோட்டான். அதன் நிறமாலையில் ஒற்றைப்படைக் கோடுகள் பளிச்சிடும். நைட்ரஜனில், அன்றைய கொள்கைப்படி பதினான்கும் ஏழும் இருபத்தொன்று, ஆகவே அதுவும் அரை வகை. அங்கும் ஒற்றைப்படைக் கோடுகளே பளிச்சிட வேண்டும். ராசெட்டியின் படத்தில் இரட்டைப்படைக் கோடுகள் பளிச்சிட்டன. ஜெர்மனியில் வால்டர் ஹைட்லரும் கெர்ஹார்ட் ஹெர்ஸ்பெர்க்கும் அந்தப் படத்தின் பொருளை உடனே சுட்டிக்காட்டினார்கள்: நைட்ரஜன் கருக்கள் சத்யேந்திர நாத் போஸின் புள்ளியியலுக்குக் கட்டுப்படுகின்றன, அதாவது முழு வகை. உள்ளே இருப்பவை இருபத்தொன்றாக இருக்க முடியாது.

ஒரு வாயுவின் மீது விளக்கொளியைப் பாய்ச்சி, புகைப்படத் தகட்டில் கோடுகள் எத்தனை கருமையாக விழுந்தன என்று ஒப்பிட்டு, அணுக்கருவுக்குள் இருக்கும் துகள்களின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று சொல்லிவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டு அறிவியலில் இதைவிட அழகான தர்க்கம் அதிகம் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

இரட்டைப்படை வேண்டும், மின்னூட்டம் ஏழாக இருக்க வேண்டும், நிறை பதினான்காக இருக்க வேண்டும். மூன்றையும் நிறைவேற்ற ஒரு புதுத் துகள் தேவைப்பட்டது. மின்னூட்டமற்ற ஒரு துகள் இருக்கலாம் என்று ரூதர்ஃபோர்ட் 1920-லேயே ஓர் உரையில் ஊகித்திருந்தார். அதைத் தேடுவதையே பிடிவாதமாகக் கொண்டிருந்தவர் அவருடைய சீடர் ஜேம்ஸ் சாட்விக். அவரைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். 1914-இல் போர் மூண்டபோது அவர் பெர்லினில் கைகரிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். எதிரி நாட்டவர் என்று ரூலெபன் குதிரைப் பந்தய மைதானத்தில் அடைத்துவிட்டார்கள். போர் முடியும்வரை குதிரை லாயத்தில் வாசம். அங்கேயும் கைதிகளைச் சேர்த்துக்கொண்டு ஓர் ஆய்வகம் அமைத்தார். அந்நாளில் ஜெர்மனியில் தோரியம் கலந்த பற்பசை விற்பனையில் இருந்தது. அதுவே அவருக்குக் கதிரியக்கப் பொருளாக உதவியது.

1932 ஜனவரியில் பாரிஸிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. பெரிலியத்தின் மீது ஆல்ஃபா துகள்கள் மோதும்போது மின்னூட்டமற்ற, ஊடுருவும் திறன் மிக்க ஒரு கதிர் கிளம்புவது முன்பே தெரியும். அந்தக் கதிர் மெழுகிலிருந்து புரோட்டான்களைப் பெயர்த்தெடுப்பதை ஐரீன் க்யூரியும் ஃபிரெடெரிக் ஜோலியோவும் கண்டார்கள். அது காமா கதிர் என்று கருதினார்கள். கேம்பிரிட்ஜில் சாட்விக் அதைப் படித்துவிட்டு ரூதர்ஃபோர்டிடம் சொன்னார். ரூதர்ஃபோர்டால் அந்த விளக்கத்தை நம்ப முடியவில்லை. சாட்விக் இரவு பகலாகச் சோதனையில் இறங்கினார்.

கேரம் விளையாடியவர்களுக்கு அவருடைய தர்க்கம் எளிதில் பிடிபடும். ஒரு காய் ஓடிவந்து இன்னொரு காயை நேருக்கு நேர் இடித்தால், வந்தது நின்றுவிடும், இடிபட்டது ஏறக்குறைய அதே வேகத்தில் பாயும். அதே காய் பன்மடங்கு கனமான ஒன்றில் மோதினால் அந்தக் கனமானது மெல்ல நகரும். இரண்டு வேகங்களையும் அளந்தால் மோதிய காயின் நிறை எவ்வளவு என்று, அதைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். சாட்விக் மெழுகிலிருந்து பாய்ந்த புரோட்டான்களின் உச்ச வேகத்தைக் கணக்கிட்டார்: வினாடிக்கு சுமார் 33,000 கிலோமீட்டர். கனமான இலக்கு என்ன? நைட்ரஜன். அதன் கருக்கள் அந்தக் கதிரால் உதைபட்டுப் போன வேகம் நார்மன் ஃபெதரின் முகில் அறைப் படங்களிலிருந்து கிடைத்தது: வினாடிக்கு சுமார் 4,700 கிலோமீட்டர். ஏறக்குறைய ஏழுக்கு ஒன்று என்ற விகிதம். மோதிய துகளின் நிறை புரோட்டானின் நிறையை ஒட்டி இருந்தால்தான் இந்த விகிதம் வரும்.

காமா கதிர் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எப்படியெல்லாம் தடம்புரள்கிறது என்பதையும் அவர் காட்டினார். காமா கதிர் உதைத்திருந்தால் ஒரு நைட்ரஜன் கரு தன் வழியில் அதிகபட்சம் 10,000 அயனி இணைகளை உண்டாக்கலாம். அவர் அளந்தபோது 30,000 வந்தது. 1932 பிப்ரவரி 17 தேதியிட்டு ‘நேச்சர்’ இதழுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். நியூட்ரான் இருக்கக்கூடும் என்ற அளவில் அடக்கமான தலைப்பு. 1935-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது நைட்ரஜனின் கணக்கு நேரானது. ஏழு புரோட்டான், ஏழு நியூட்ரான். மின்னூட்டம் ஏழு, நிறை பதினான்கு, எண்ணிக்கை இரட்டைப்படை. ராசெட்டியின் கோடுகளும் சரியாகப் பொருந்தின.

அப்படியானால் பீட்டா கதிரியக்கத்தில் வெளியே வரும் எலக்ட்ரான் எங்கிருந்து வருகிறது? அது உள்ளே காத்துக்கொண்டிருக்கவில்லை, அந்தக் கணத்தில் பிறக்கிறது என்று என்ரிகோ ஃபெர்மி தன் கொள்கையில் விளக்கினார். ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிறது. அப்போது ஓர் எலக்ட்ரானும், நியூட்ரினோ குடும்பத்தைச் சேர்ந்த, கிட்டத்தட்ட எதனோடும் மோதாத ஒரு துகளும் புதிதாக உண்டாகின்றன. பொருளின் அடிப்படைத் துகள் என்றால் என்றும் மாறாமல் இருப்பது என்ற எண்ணம் அதோடு போயிற்று. நியூட்ரான் புரோட்டானைவிட 0.14 சதவீதம்தான் கனம் கூடியது. அந்தச் சிறு கூடுதல் போதும், கருவுக்கு வெளியே தனியாக விடப்பட்ட நியூட்ரான் சராசரியாகக் கால் மணி நேரத்துக்குள் புரோட்டானாக மாறிவிட. கருவுக்குள் கதை வேறு. நைட்ரஜனின் ஏழு நியூட்ரான்களில் ஒன்று புரோட்டானாக மாறினால் உருவாகும் ஆக்சிஜன்-14 நைட்ரஜனைவிடக் கனமானது. அதற்கு வேண்டிய ஆற்றல் கையில் இல்லை. ஆகவே அந்த ஏழும் மாறாமல் இருக்கின்றன.

இன்னும் உள்ளே போனால் குவார்க்குகள். புரோட்டானில் இரண்டு அப் குவார்க், ஒரு டவுன். நியூட்ரானில் ஒரு அப், இரண்டு டவுன். அந்த மூன்று குவார்க்குகளின் நிறையைக் கூட்டினால் புரோட்டானின் நிறையில் நூற்றில் ஒரு பங்குதான் தேறும். மற்றதெல்லாம் குவார்க்குகளின் இயக்கமும் அவற்றைக் கட்டிவைத்திருக்கும் குளுவான்களின் ஆற்றலும். அது தனியாகச் சொல்ல வேண்டிய பெருங்கதை. நைட்ரஜனுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அதனிடம் இன்னொரு செய்தி இருக்கிறது.

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் மோதிச் சிதறும்போது நியூட்ரான்கள் தெறிக்கின்றன. அவற்றில் ஒன்று நைட்ரஜன் கருவுக்குள் புகுந்து ஒரு புரோட்டானை வெளியே தள்ளிவிடும். ஏழு, ஏழு என்றிருந்தது ஆறு புரோட்டான், எட்டு நியூட்ரான் என்று ஆகிறது. ஆறு புரோட்டான் என்றால் அது கார்பன். எடை மட்டும் பழைய பதினான்கு. இந்தக் கார்பன்-14 ஆக்சிஜனோடு சேர்ந்து கரியமில வாயுவாகி, இலைகளுக்குள் போய், நெல்லாகி, நம் உடம்பாகிறது. உயிரோடு இருக்கும்வரை உணவு வழியாக அது வந்துகொண்டே இருக்கும். உயிர் போனதும் வரத்து நின்றுவிடும். இருப்பது மட்டும் குறையும். எட்டாவது நியூட்ரான் ஒருநாள் புரோட்டானாக மாற, கார்பன் மறுபடியும் நைட்ரஜனாகிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் வினாடிக்கு ஏறத்தாழ 3,000 கார்பன் அணுக்கள் இப்படி நைட்ரஜனாகிக்கொண்டிருக்கின்றன. பாதி மாறுவதற்கு ஆகும் காலம் சுமார் 5,730 ஆண்டுகள். இதை ஒரு கடிகாரமாக்கலாம் என்று வில்லார்ட் லிப்பி 1949-இல் காட்டினார்.

கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒரு கரிம மாதிரி, அமெரிக்காவில் ஃபுளோரிடாவிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போய், கி.மு. 580 என்று காலம் குறிக்கப்பட்டு வந்தது அந்தக் கடிகாரத்தின் துணையோடுதான். 2019-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அதை வெளியிட்டபோது நாம் எல்லோரும் பரவசப்பட்டோம். அந்த எண்ணுக்கு அடியில் இருப்பது நியூட்ரான் புரோட்டானாகும் நிகழ்ச்சி.

அந்த 5,730 ஆண்டுகள் இயற்பியலாளர்களை நெடுங்காலம் திகைக்க வைத்தன. பொதுவாக, இத்தகைய மாற்றத்தில் வெளியாகும் ஆற்றல் கூடக்கூட மாற்றம் விரைவாக நடக்கும். ஹைட்ரஜனின் கனமான வகையான டிரிட்டியம் மாறும்போது வெளிப்படும் ஆற்றல், கார்பன்-14 வெளியிடுவதில் எட்டில் ஒரு பங்குதான். ஆனால் அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள். விதிப்படி கார்பன்-14 அதைவிட விரைவாகத் தீர்ந்துபோயிருக்க வேண்டும். மாறாக 460 மடங்குக்கும் மேல் நின்று நிதானிக்கிறது. 2011-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் ஜாகுவார் என்ற சூப்பர் கம்ப்யூட்டரில் பதினான்கு துகள்களையும் ஒருசேரக் கணக்கிட்டுப் பார்த்தபோது ஒரு காரணம் தெரிந்தது. அணுக்கருவில் துகள்கள் இரண்டிரண்டாக மட்டும் ஒன்றையொன்று இழுப்பதில்லை. மூன்று சேர்ந்திருக்கும்போது மட்டும் தோன்றும் ஒரு விசையும் உண்டு. அதைக் கணக்கில் சேர்த்தால், மாற்றத்தைத் தூண்டும் பல பங்களிப்புகள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு கிட்டத்தட்டப் பூஜ்யமாகிவிடுகின்றன. முழுப் பூஜ்யம் இல்லை. மிஞ்சுகிற அந்தச் சிறு துளிதான் 5,730 ஆண்டு. அந்தக் கழித்தல் இவ்வளவு நெருக்கமாக அமையாமல், டிரிட்டியத்தைப் போலக் கார்பன்-14-உம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகியிருந்தால், கீழடி மாதிரியில் எண்ணுவதற்கு ஓர் அணுகூட மிஞ்சியிருக்காது.